கோலாக் கொட்டைக்கு ஆங்கிலம் கேட்காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் பனியன் ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன். பல ஆண்டுகளாக எங்களிடம் சரக்கு எடுக்கும் நைஜீரிய வியாபாரி ஒருவர், தான் இக்போ இனத்தவர் என்பார். சென்ற மாதம் லாகோஸில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். உட்கார்ந்ததும் ஒரு மரத்தட்டில் கோலாக் கொட்டைகள் வந்தன. தட்டு ஒவ்வொருவர் கையாக மாறி, கடைசியில் அவரிடமே திரும்பிப் போயிற்று. ஒரு பெரியவர் நெடுநேரம் ஏதோ வேண்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. வாயில் போட்டால் வேப்பங்கொழுந்து தோற்றது! பிறகு சேனைக்கிழங்கை இடித்து உருட்டிச் சாப்பாடு. இது நம் வெற்றிலை பாக்குதானே? அவர்கள் மொழியில் ஒரே சொல்லுக்கு நான்கு பொருள் என்றார். நம் ல, ள, ழ போலவா? கிளம்பும்போது ஒரு முழுக் கொட்டையையும் கையில் கொடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

வந்தவருக்கு முதலில் நீட்டுவது என்ற அளவில் வெற்றிலை பாக்குதான். அதற்கு மேல் அந்த ஒப்புமையை இழுக்காதீர்கள், அறுந்துவிடும். தாம்பூலத்தை வாய் திறக்காமல் கொடுக்கலாம், வாங்கலாம். கோலாவைப் பேச்சில்லாமல் உடைக்க முடியாது. அவர்கள் அதை ‘ஓஜி’ என்கிறார்கள். ‘ஓஜிக்கு ஆங்கிலம் கேட்காது’ என்று ஒரு வழக்கு உண்டு. நாள் முழுக்க ஆங்கிலத்திலும், அதிலிருந்து பிறந்த கலப்புப் பேச்சான பிட்ஜினிலும் வியாபாரம் செய்கிறவர்கூட, தட்டு வந்ததும் இக்போவுக்குத் திரும்பிவிடுவார். நீங்கள் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்த வேண்டுதலில் பெரும்பாலும் இதுவும் இருந்திருக்கும்: பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும், மற்றதை அமரக் கூடாது என்பதன் சிறகு ஒடியட்டும்.

தட்டு சுற்றியதற்கும் கணக்கு இருக்கிறது. யார் யாருக்கு எந்த முறையில் நெருக்கம், எந்த ஊர் எந்த ஊருக்கு அண்மை என்று பார்த்துத்தான் காட்டுவார்கள். ‘அரசனின் ஓஜி அரசன் கையில்’ என்று சொல்லி வீட்டுக்காரரிடம் திரும்பக் கொடுப்பார்கள். உடைத்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்திருப்பார்களே, கவனித்தீர்களா? எத்தனை பருப்பு என்று எண்ணியிருக்கிறார்கள். இரண்டாகப் பிளக்கும் கோலா வேறு வகை; மெல்லலாம், சடங்குக்கு ஆகாது. நான்கு பருப்பு இருந்தால் முகம் மலரும். இக்போ வாரத்துக்கு நான்கே நாள்: எகே, ஓரியே, அஃபோ, ங்க்வோ. நான்கும் சந்தை நாள்கள். உங்கள் நண்பரின் குடும்பப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். ஒகேகே என்றால் முன்னோர் ஒருவர் எகே நாளில் பிறந்தவர். ஒகாஃபோர் என்றால் அஃபோ, ஒகோங்க்வோ என்றால் ங்க்வோ. மரபுப்படி பெண்கள் ஓஜியை உடைப்பதில்லை. ஏன் என்று கேட்கும் இக்போ பெண்கள் இன்று இருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

மொழிக்கு வருகிறேன். ல, ள, ழ மூன்றும் வெவ்வேறு எழுத்துகள். நாக்கு வெவ்வேறு இடத்தைத் தொடுகிறது. இக்போவில் எழுத்து மாறுவதில்லை, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் மாறுகிறது. ‘அக்வா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அசையையும் ஏற்றிச் சொன்னால் அழுகை. ஏற்றி இறக்கினால் துணி. இறக்கி ஏற்றினால் முட்டை. இரண்டையும் இறக்கினால் படுக்கை. துணி வியாபாரியான நீங்கள் கொஞ்சம் பிசகினால் ஒரு கன்டெய்னர் முட்டைக்கு விலை பேசிவிடுவீர்கள். இந்த ஏற்ற இறக்கக் குறிகளை அன்றாட எழுத்தில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதோடு ஊருக்கு ஊர் பேச்சு வேறு. 1913இல் வெளியான இக்போ பைபிளுக்காகப் பல வட்டார வழக்குகளைக் கலந்து மிஷனரிகள் ஒரு பொதுமொழியைச் சமைத்தார்கள். எந்த ஊரிலும் யாரும் பேசாத மொழி. இக்போ இனத்தவரான நாவலாசிரியர் சினுவா அச்செபேவுக்கு அதன்மேல் தீராத கோபம். 1999இல் இக்போ நகரமான ஓவெர்ரியில் இக்போவிலேயே ஆற்றிய உரையில் அதைச் சாடினார்.

நீங்கள் சாப்பிட்டது சேனை இல்லை. கொடியாகப் படரும் வள்ளிக்கிழங்கு இனம்; ‘ஜி’ என்பார்கள். அதுதான் அங்கே பயிர்களின் அரசன். புதுக்கிழங்கு விழா நடக்கும்வரை புதிதாக அகழ்ந்ததை மரபில் ஊன்றியவர்கள் தொடமாட்டார்கள். சேப்பங்கிழங்கு பெண்களின் பயிர். ஆனால் அரசனை உள்ளே இறக்கும் குழம்புக்குப் பதம் கொடுப்பது பல வீடுகளில் அந்தச் சேப்பங்கிழங்குதான்! டெல்லியில் நைஜீரிய மாணவர்கள் தங்கியிருந்த வீட்டில் ‘ஒனுக்பு’ என்ற கசப்புக் கீரைக் குழம்பு வைப்பதை ஒருமுறை பார்த்தேன். கீரையைக் கசக்கிக் கசக்கி, பச்சைத் தண்ணீர் வெளுக்கும்வரை அலசினார்கள். வெந்த சேப்பங்கிழங்கை மசித்து உருண்டைகளாகக் கொதியில் போட்டார்கள். பிறகு ‘ஒகிரி’ என்ற புளிக்கவைத்த விதைப் பசை. பொட்டலத்தைப் பிரித்ததும் நான் ஜன்னலோரம் போய்விட்டேன். கருவாட்டுக்குப் பழகிய மூக்குதான், அதற்கே அப்படி. குழம்பில் கரைந்ததும் அந்த நாற்றம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவனுக்கு உருட்டி, தோய்த்து, மெல்லாமல் விழுங்கச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதற்காகத்தான்.

அலமாரியில் இருக்கும் கொட்டைக்கு வருகிறேன். ‘ஓஜி வீடு போய்ச் சேர்ந்தால், தன்னைக் கொடுத்தது யார் என்று சொல்லும்’ என்பது இன்னொரு வழக்கு. விருந்தாளி ஒரு முழுக் கொட்டையை வீட்டுக்கு எடுத்துப்போவது அதனால்தான். காய்ந்து கல்லாவதற்குள் உடைத்து, வீட்டில் எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுங்கள். யார் வீட்டில் கிடைத்தது, தட்டு எப்படிச் சுற்றியது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே கொடுங்கள். தமிழில் சொன்னால் அது கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன். அவர்கள் காரமான நிலக்கடலை விழுதைத் தொட்டுக்கொள்வார்கள். நம் கடலைத் துவையல் போதும். குழந்தைகளுக்கு வேண்டாம். நல்ல காஃபீன் உள்ள சரக்கு, இரவெல்லாம் விழித்திருப்பார்கள்.