ஃபேஷன் டிசைன் சீட்டுக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

"ஆயத்த ஆடைத் தொழிலாளர்களின் வரலாற்றைப் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள். அவள் பெரியப்பாவோ, 'அதற்கு ஃபேஷன் டிசைனில் சேர்த்துவிடு, நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவாவது முடியும்' என்கிறார். வீட்டை அடகு வைத்தால்தான் பணம் புரளும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை புரிகிறது அம்மா. ஆனால் பெரியப்பா சொல்வது தப்பு.

உங்கள் மகளின் அக்கறை ஆடைமேல் இல்லை, அதைத் தைத்தவர்கள்மேல். வரைவதில் நாட்டமே இல்லாத பிள்ளையை அந்த வகுப்பில் உட்கார வைப்பதற்குக் கடன் வேறா? கூடவே கூடாது.

வரலாறு படித்தால் வாத்தியார் வேலை, இல்லாவிட்டால் அரசுத் தேர்வு. அவை உங்களுக்கே தெரியும், விடுங்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடை ஆலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடிக் கதவு பூட்டியிருந்தது என்பதுதான் வழக்கு. சாட்சி சொன்ன கேட் ஆல்டர்மேன் என்ற தொழிலாளியை, முதலாளிகளின் வக்கீல் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஏறக்குறைய அதே வார்த்தைகள் வந்தன. 'மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறாள்' என்று காட்டுவதுதான் அவர் திட்டம். முதலாளிகள் விடுதலை ஆனார்கள். ஒரே மாதிரி சொன்னால் பொய்யா, அல்லது அந்த நாளை அப்படித்தான் அவளால் சொல்ல முடிந்ததா? இந்தக் கேள்வியை ஆராயப் பழக்குவதுதான் தொழிலாளர் வரலாற்றுப் படிப்பு. கூலிப் பதிவேடு, சங்கக் கூட்டக் குறிப்பு, வாய்மொழிச் சாட்சியம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லித் தருவார்கள்.

இதற்கு இன்று வேலை இருக்கிறதா? இருக்கிறது. 2012-இல் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலை தீயில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது! தணிக்கைக்கு ஆள் வரும்போது என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்து நிறுத்துவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். படிவத்தில் டிக் அடிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். சொல்லிக்கொடுத்த பதிலையும் சொந்தப் பதிலையும் பிரித்தறியத் தெரிந்தவர்கள்தான் குறைவு. பிராண்டுகளின் ஆலைத் தணிக்கை, தொழிற்சங்க ஆய்வுப் பிரிவு, மனித உரிமை அமைப்புகள், ஆவணக் காப்பகங்கள் என்று இந்தத் திறமைக்குப் பல இடம் உண்டு. 2023-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம், சரக்கு தரும் ஆலைகளின் நிலையையும் கவனிக்கும் பொறுப்பைப் பெரிய நிறுவனங்கள்மேல் வைத்தது.

சம்பளம் எடுத்த எடுப்பிலேயே கொட்டாது. முதல் சில வருடங்கள் ஒப்பந்த வேலையாகத்தான் இருக்கும். முதுகலை வரை போக வேண்டும். புள்ளியியலும் தொழிலாளர் சட்டமும் துணைப் பாடமாக வேண்டும். இவற்றை மகள் தட்டிக்கழித்தால் அவள் பக்கமும் நான் பேச மாட்டேன்.

டிரையாங்கிள் வழக்கின் விசாரணைப் பதிவு, கார்னெல் பல்கலைக்கழகத்தின் கீல் மைய இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு சாட்சியத்தை முழுதாகப் படித்து, அதில் எதை நம்பலாம், ஏன் என்று மகளை இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதை எனக்கு அனுப்புங்கள். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.