பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தொழில்முனைவைச் செய்முறையாக எப்படிச் சொல்லித் தருவது?

சின்ன முதல் கொடுத்து விற்கவிடுங்கள். கோலாலம்பூர் என்றால் பிரிக்பீல்ட்ஸில் தீபாவளிக் கடைகள் போடும் சமயம் இதற்குத் தோது. முறுக்கு ஒரு போத்தல் 15 ரிங்கிட் என்று வைத்தால், மாவு, எண்ணெய், கேஸ், போத்தல், கடை வாடகை போக என்ன மிஞ்சும் என்று மாணவர்களே கணக்கு எழுதட்டும். தங்கள் கூலியைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். ஆசிரியர் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அதுதான். “தம்பி, 12-க்குக் கொடுப்பா” என்று ஒருவர் கேட்கும்போது எதுவரை இறங்கலாம் என்பதும் அந்தக் கணக்கில்தான் தெரியும்.

அப்புறம் பதிவு. வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள், மலேசியாவில் வியாபாரங்களைப் பதியும் அரசு அமைப்பான எஸ்எஸ்எம்மில் (SSM) பதிய வேண்டும். தனி ஆள் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60. மதிப்பெண்ணை லாபத்துக்குத் தராதீர்கள். கணக்கேட்டுக்கும், விலையை ஏன் மாற்றினோம் என்ற விளக்கத்துக்கும் தாருங்கள்.