குப்பையைப் பிரித்து என்ன பயன்?

கேள்வி: மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நான் மெனக்கெட்டுப் பிரித்து வைக்கிறேன். வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொள்கிறார்கள். எனக்கெதற்கு இந்த வேலை?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: எரிச்சல் நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் வண்டியில்தான் போடவேண்டுமா என்ன? பேப்பர், அட்டை, பாட்டில், கழுவிக் காயவைத்த பால் கவர் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகட்டும், அங்கே எடை போட்டுக் காசு கொடுத்து வாங்குகிறவர் அதை மறுபடி குப்பையில் கலக்கவா போகிறார்? அலுமினிய டின்னைத் தூக்கிப் போடவே போடாதீர்கள், அதை உருக்கினால் புதிதாக அலுமினியம் எடுப்பதைவிட சுமார் 95 சதவீதம் எரிசக்தி மிச்சம். சிப்ஸ் பாக்கெட்டைக் கழுவுவதுதான் வீண் வேலை, அதில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக்கிடப்பதால் கடைக்காரர் தொடவேமாட்டார். அப்புறம் காய்கறித் தோல். ஓட்டை போட்ட மண்பானையில் காய்ந்த இலையோடு போட்டு மூடிவையுங்கள், இரண்டு மூன்று மாதத்தில் உரம். அதுவே கொடுங்கையூர் குப்பை மேட்டில் புதைந்தால், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுதான்.