ஹன்னிபலுக்காக வாதாடுவது எப்படி?

கேள்வி: எங்கள் கல்லூரி விவாதப் போட்டியில் 'வரலாற்றின் தலைசிறந்த படைத்தலைவர் யார்?' என்பது தலைப்பு. குலுக்கலில் எனக்கு வட ஆப்பிரிக்க அரசான கார்த்தேஜின் ஹன்னிபல் வந்திருக்கிறார்; எதிரணி ரோமின் ஸ்கிப்பியோவுக்காகப் பேசுகிறது. 'கடைசிப் போரில் தோற்றவர் எப்படித் தலைசிறந்தவர் ஆவார்?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? எந்த எண்களை நம்பலாம்?

பதில்: அந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஆகவே அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், அளவுகோல் எது என்பதை உங்கள் முதல் நிமிடத்திலேயே நீங்கள் நிறுவிவிட வேண்டும். போரில் இறுதியாக வென்ற நாடு எது என்பதே அளவுகோல் என்று அவை ஏற்றுக்கொண்டால், நீங்கள் பேசத் தொடங்கும் முன்பே தோற்றுவிடுவீர்கள். ஆனால் அந்த அளவுகோல் தளபதியை மட்டும் அளப்பதில்லை. அவருக்குப் பின்னால் நின்ற அரசின் ஆள்பலம், கப்பற்படை, கருவூலம் எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கிறது. கையில் என்ன இருந்தது, எதிரே என்ன நின்றது, இரண்டுக்கும் நடுவே தளபதியின் சொந்த முடிவுகள் எவ்வளவு சாதித்தன என்பதே நியாயமான அளவுகோல் என்று வாதிடுங்கள்.

இதற்கு உறுதியான எண்கள் உண்டு. கி.மு. 218இல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கியபோது ஹன்னிபலிடம் 20,000 காலாட்களும் 6,000 குதிரை வீரர்களும் இருந்தனர். ஹன்னிபலே தெற்கு இத்தாலியின் லாசினியத்தில் வெண்கலத்தில் பொறித்து வைத்த கணக்கு இது. அதை நேரில் பார்த்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். அதே பாலிபியஸ், கார்த்தேஜுக்கும் ரோமுக்கும் நடந்த அந்தப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு ரோமும் அதன் நட்பு நகரங்களும் திரட்டக்கூடிய ஆள்பலம் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட காலாட்கள், சுமார் 70,000 குதிரை வீரர்கள் என்று கணக்கிடுகிறார். இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லி, சற்று நிறுத்துங்கள்.

அடுத்து தெற்கு இத்தாலியில் நடந்த கன்னே போர், கி.மு. 216. பலரும் 'சூழ்ந்து வளைத்தார்' என்ற ஒற்றை வரியோடு இதைக் கடந்துவிடுகிறார்கள். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குமாறு பரிந்துரைக்கிறேன். ஹன்னிபல் நடுவில் 'கால்' (Gaul) இன வீரர்களையும் ஸ்பானிய வீரர்களையும் எதிரியை நோக்கிப் புடைத்த பிறைபோல நிறுத்தி, இரு ஓரங்களிலும் ஆப்பிரிக்கக் காலாட்படையை ஒதுக்கி வைத்தார். வழக்கத்தைவிட நெருக்கமாகவும் ஆழமாகவும் அணிவகுத்திருந்த ரோமானியர் முட்டித் தள்ளத் தள்ள, அந்தப் பிறை மெல்லப் பின்வாங்கி உட்குழிந்தது. வெல்கிறோம் என்று எண்ணி அவர்கள் உள்ளே நுழைந்ததும் ஆப்பிரிக்கர்கள் இருபுறமும் உட்பக்கம் திரும்பித் தாக்கினார்கள். அதற்குள் ரோமானியக் குதிரைப்படையைச் சிதறடித்துவிட்ட கார்த்தேஜின் குதிரைப்படை பின்புறத்தை அடைத்தது. இதில் மிகக் கடினமானது அந்தப் பின்வாங்கல்தான் என்பதை அவைக்கு விளக்குங்கள். பின்வாங்கும் படை எந்த நொடியிலும் ஓட்டமாக மாறிவிடக்கூடும். அந்த ஆபத்தான நடுப்பகுதியில்தான் ஹன்னிபல் தம்பி மாகோவுடன் நின்றார்.

கன்னேயில் இறந்தோர் எண்ணிக்கையில் எச்சரிக்கை தேவை. பாலிபியஸ் ஏறத்தாழ 70,000 ரோமானியர் என்கிறார். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்வதோ 45,500 காலாட்கள், 2,700 குதிரை வீரர்கள். நீங்கள் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாதம் அதனால் சிறிதும் தளராது. எதிரணிக்கு மறுக்க இடமும் இருக்காது.

என் பார்வையில் உங்களிடம் உள்ள மிக வலிமையான சான்று கன்னேகூட அல்ல. லிபியர், ஐபீரியர், லிகூரியர், கெல்ட்டியர், கிரேக்கர் என்று மொழியாலும் வழக்கத்தாலும் ஒட்டாத மக்களைக் கொண்ட ஒரு படையை, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எதிரியின் மண்ணிலேயே வைத்திருந்தும், அது அவருக்கு எதிராக ஒருமுறையும் கலகம் செய்யவில்லை. இதை வியந்து எழுதுபவரும் பாலிபியஸ்தான். அவரோ ஸ்கிப்பியோ குடும்பத்துக்கு மிக நெருக்கமானவர். எதிர்த் தரப்பின் நண்பர் தரும் இந்தச் சாட்சியத்தை எதிரணி எளிதில் தள்ள முடியாது.

'கன்னேக்குப் பின் ஏன் ரோமின்மீது படையெடுக்கவில்லை?' என்று நிச்சயம் கேட்பார்கள். வெல்லத் தெரிந்த உமக்கு வெற்றியைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று குதிரைப்படைத் தலைவர் மகார்பல் கடிந்ததாக லிவி எழுதியதையும் எடுத்துக் காட்டுவார்கள். அதற்கு இப்படிப் பதில் சொல்லுங்கள்: ஸ்பெயினின் சகுந்தம் என்ற ஒரே நகரைப் பிடிக்க, அருகிலேயே தளம் இருந்தும், கி.மு. 219இல் ஹன்னிபலுக்கு எட்டு மாதங்கள் ஆயின. கன்னேயிலிருந்து ரோம் சுமார் 400 கிலோமீட்டர். மதில் சூழ்ந்த நகரம். நட்பு நகரங்களை ரோமிடமிருந்து பிரிப்பதே அவருடைய திட்டம். காபுவா போன்ற சில பிரிந்தன, ரோம் நிறுவிய லத்தீன் குடியேற்ற நகரங்கள் பிரியவில்லை. திட்டம் தோற்றது உண்மை. அதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் அது கோழைத்தனமோ சோம்பலோ அல்ல என்று காட்டுங்கள்.

ஹன்னிபல் ஸ்கிப்பியோவிடம் தோற்ற சாமா போரிலும் (கி.மு. 202) இதே நேர்மை உதவும். கன்னேயில் ஹன்னிபலின் பக்கம் போரிட்ட வட ஆப்பிரிக்க நுமிடியர் இனத்தின் குதிரைப்படையில் பெரும்பகுதி, நுமிடிய மன்னர் மசினிசாவின் தலைமையில் இப்போது ஸ்கிப்பியோவின் பக்கம் இருந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட யானைகளை, அணிகளுக்கிடையே வழிவிட்டு ஸ்கிப்பியோ பயனற்றதாக்கினார். இத்தாலியிலிருந்து வந்த பழைய வீரர்கள் கடைசிவரை தாக்குப்பிடித்தனர். திரும்பி வந்து பின்னாலிருந்து தாக்கிய ஸ்கிப்பியோவின் குதிரைப்படைதான் போரை முடித்தது. மசினிசாவைத் தம் பக்கம் இழுத்தது ஸ்கிப்பியோவின் திறமையே என்று எதிரணி சொன்னால், அது சரிதான். அப்போது, அவர் வென்ற முறை கன்னேயில் ஹன்னிபல் காட்டிய முறையே என்று பதில் சொல்லுங்கள்.

என் சொந்தக் கணிப்பைக் கேட்டால், ஒரு நாள் போரை நடத்துவதில் ஹன்னிபலையும், ஒரு முழுப் போரைத் திட்டமிடுவதில் ஸ்கிப்பியோவையும் முன்வைப்பேன். தலைப்பு எதைக் கேட்கிறது என்பதை முதலில் வரையறுக்குமாறு உங்களை வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். அலெக்சாந்தரைப் பற்றிக் கேள்வி வந்தால், அவர் தந்தை பிலிப் உருவாக்கிய படையோடு புறப்பட்டவர் என்ற ஒரு வரி போதும்.

பிற்காலத்தில் எபேசஸ் நகரில் ஸ்கிப்பியோ கேட்டபோது, அலெக்சாந்தர், கிரேக்க மன்னர் பிர்ரஸ், தாம் என்று ஹன்னிபல் வரிசைப்படுத்தியதாகவும், உங்களை வென்றிருந்தால் என்னையே முதலில் வைத்திருப்பேன் என்று சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர் பலர் இதை நம்புவதில்லை. கேட்க இனிமையாக இருந்தாலும் உங்கள் உரையில் அதைச் சேர்க்க வேண்டாம்: அந்தக் கதை உயர்த்துவது ஸ்கிப்பியோவைத்தான், எதிரணி அதை உடனே தன் சான்றாக எடுத்துக்கொள்ளும்.