ஊட்டி ஏரி யார் கட்டியது? நீலகிரி பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

சீசனுக்கு ஊட்டி வரப்போகிறவர்கள் மலையின் பழைய கதைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, ஊட்டி ஏரி இயற்கையாக உண்டானதா?

இல்லை. 1824 வாக்கில், அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்துக் கரை போட்டுக் கட்டிய ஏரி. அப்போது இன்னும் பெரியது. நீங்கள் வந்து இறங்கும் பஸ் ஸ்டாண்டும் பக்கத்துக் குதிரைப் பந்தய மைதானமும் ஏரித் தண்ணீர் நின்ற இடங்கள்தான்.

சேலத்திலிருந்து: சல்லிவன் முதலில் குடியேறியது ஊட்டியிலா?

கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில். 1819-ல் மலையேறி வந்தவர் அங்கே கட்டிய பங்களாவைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். கூட்டமே இருக்காது, அவசியம் போய்ப் பாருங்கள். ஊட்டியில் அவர் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அவருடைய மனைவியும் மகளும் இந்த ஊர் மண்ணில்தான் அடக்கமானார்கள். கல்லறை புனித ஸ்டீபன் தேவாலயத்தில் இருக்கிறது.

அந்தத் தேவாலயத்துக்குள் போனால் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். 1829-ல் அடிக்கல் நாட்டிய கட்டடம். உத்திரங்களுக்கான மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து, மலைமேல் ஏற்றிக் கொண்டுவந்தது. பலரும் வாசலில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

திருப்பூரிலிருந்து: மலை ரயிலில் இன்ஜின் ஏன் பின்னால் இருக்கிறது?

பெட்டிகளைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு ஏறுவதற்காக. ஏதாவது இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டி உருண்டு ஓடிவிடாமல் இன்ஜினே தாங்கிக்கொள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரணத் தண்டவாளம்தான். அங்கிருந்து குன்னூர் வரை, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு போகும். இன்ஜினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறும். செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். கல்லாறு தாண்டும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். சக்கரம் பல்லில் பொருந்தும்போது ஒரு கடகடப்பு வரும், வண்டி நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும். பெட்டிக்குப் பெட்டி பிரேக்மேன் நிற்பார்.

மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-ல் திறந்தது, ஊட்டிக்கு 1908-ல் வந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள். யுனெஸ்கோ பட்டியலில் 2005-ல் சேர்ந்தது. டிக்கெட் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: தொட்டபெட்டாதானே தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம்?

தமிழ்நாட்டில் உயரமானது, 2,637 மீட்டர். தென்னிந்தியாவில் என்றால் கேரளாவின் ஆனைமுடி, 2,695.

கரூரிலிருந்து: ஸ்னூக்கர் விளையாட்டு ஊட்டியில் பிறந்ததாமே?

பிறந்தது ஜபல்பூரில், 1875-ல், ராணுவ அதிகாரிகள் நடுவே. விதிமுறைகளை எழுதி 1882-ல் மாட்டியது ஊட்டி கிளப்பில். அது உறுப்பினர்களுக்கான இடம், நினைத்தால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: நீலகிரி தைலம் எடுக்கும் மரம் இந்த மலைக்கே உரியதா, அண்ணா?

நல்ல கேள்விம்மா. கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-ல் இங்கே வந்தது. சீகை (வாட்டில்) மரமும் அங்கிருந்து வந்ததுதான். விறகுக்காக நட்டார்கள், அது மலை முழுக்கப் பரவிவிட்டது. தேயிலையும் வெளியிலிருந்து வந்த பயிர். ஆக, ஊட்டி என்றதும் உங்கள் கண்ணில் வரும் ஏரி, ஓங்கிய மரம், தேயிலைத் தோட்டம் எல்லாமே சுமார் இருநூறு வருஷத்துக்குள் வந்தவை.

இந்த மலையின் சொந்த முகம் புல்வெளியும் சோலையும். மேட்டில் புல், ஈரமான பள்ளத்தில் குட்டையான மரங்கள் நெருங்கிய சோலை, இரண்டுக்கும் நடுவே கத்தரித்த மாதிரி ஒரு எல்லை. மழையைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு விடுவது இந்தக் கூட்டணிதான். வனத்துறை வண்டியில் அவலாஞ்சி போனால் பார்க்கலாம். புல்வெளியை வெறும் பொட்டல் என்று நினைத்து வண்டியை ஏற்றாதீர்கள். குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். 2018-ல் பூத்தது, பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்து 2030.

கோவையிலிருந்து: தோடர் மந்துக்கு நாங்கள் போகலாமா?

மந்து என்றால் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு. தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே ஒரு மந்து இருக்கிறது. ஆனால் அது காட்சிப் பொருள் இல்லை, ஆட்கள் குடியிருக்கும் ஊர். கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள். அரைவட்டக் கூரை போட்ட கோயிலைச் சுற்றியிருக்கும் கல் மதிலைத் தாண்டக் கூடாது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணிப் போடுகிற வேலை அது. வாங்க நினைத்தால் போட்டவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

அப்புறம், சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை, ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள்.