450 வாங்கினால் போன் தருகிறேன் என்று சொல்லலாமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஏழாம் வகுப்பு. காலாண்டில் 500-க்கு 355. அரையாண்டில் 450 எடுத்தால் புது செல்போன் வாங்கித் தருவதாக அவன் அப்பா சொல்லியிருந்தார். 418 எடுத்திருக்கிறான். "சொன்னது 450, அதனால் போன் கிடையாது" என்கிறார். பையன் இப்போது புத்தகத்தையே தொடுவதில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடுகிறான். மூன்றாம் வகுப்பில் இருக்கும் மகள் சொல்லாமலே படிப்பவள். அவளும் இப்போது "எனக்கு என்ன வாங்கித் தருவீங்க?" என்கிறாள். மார்க்குக்குப் பரிசு கொடுப்பதே தப்பா, டாக்டர்?
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் வயிற்றுவலியைப் பார்ப்போம். அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். மனப்பதற்றத்தில் வருகிற வலியும் பிள்ளைக்கு உண்மையாகவே வலிக்கிறது. வலி வரும் நாளையும் நேரத்தையும் இரண்டு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓடியாடிவிட்டு, திங்கள் காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றால் பெரும்பாலும் பள்ளிப் பதற்றம்தான். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் அதிகம். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், வலது அடிவயிற்றில் வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் காலண்டரை வைத்துக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படியும் குழந்தை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அப்போதே கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதைப் பல பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இனி மார்க். உங்கள் மகன் மூன்று மாதத்தில் 63 மார்க் கூடுதலாக எடுத்திருக்கிறான். இது சாதாரண ஏற்றமில்லை. ஆனால் வீட்டில் பேச்சு முழுவதும் குறைந்துபோன 32 மார்க்கைப் பற்றியே நடக்கிறது. பரிசுக்கு இப்படி ஒரு கோடு போட்டுவிட்டால், கோட்டுக்கு இந்தப் பக்கம் நடந்த உழைப்பு எல்லாம் கணக்கில் வராமல் போய்விடுகிறது. 449 எடுத்திருந்தாலும் அவனுக்கு இதே கதிதான். "உழைத்தும் கிடைக்கவில்லை, இனி எதற்கு?" என்றுதான் புத்தகத்தை மூடிவைத்திருக்கிறான்.

பரிசு கொடுப்பது தப்பில்லை. மார்க்குக்குக் கொடுப்பதில்தான் சிக்கல். மார்க் பிள்ளையின் கையில் முழுவதுமாக இல்லை. கேள்வித்தாள், திருத்தும் ஆசிரியர், தேர்வன்று வந்த சளி எல்லாம் சேர்ந்ததுதான் மார்க். இன்று மாலை உட்கார்ந்து ஆறு கணக்குப் போடுவது அவன் கையில் இருக்கிறது. பரிசை அங்கே வையுங்கள்.

அமெரிக்காவில் பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃபிரையர் இதைப் பெரிய அளவில் சோதித்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார். நியூயார்க்கில் தேர்வு மார்க்குக்கும், சிகாகோவில் பாடங்களின் கிரேடுக்கும் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்தார்கள். படிப்பில் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. டாலஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகத்தை வாசித்து, அதைப் பற்றிய சிறு தேர்வில் தேறினால் 2 டாலர். அங்கே ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு மட்டும் வாசிப்புத் திறன் கூடியது. மார்க்குக்குப் பணம் பெற்ற பிள்ளைகள் ஆசையோடுதான் இருந்தார்கள், ஆனால் மார்க்கை எப்படிக் கூட்டுவது என்ற வழி அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த வழியைக் காட்டாமல் பரிசை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் பிள்ளைக்குப் பயம்தான் ஏறும், சில சமயம் பக்கத்துப் பையனின் தாளைப் பார்க்கும் ஆசையும் வரும்.

அதனால் இந்த வாரம் விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஒரு தாள், 20 நிமிடம் போதும். மார்க் போன ஒவ்வொரு இடத்திலும் அவனே பென்சிலால் குறி போடட்டும். பாடம் தெரியவில்லை என்றால் "தெ", கவனக்குறைவு என்றால் "க", நேரம் போதவில்லை என்றால் "நே". கணக்குத் தாளில் 24 மார்க் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடை சரி, "சதுர செ.மீ." எழுதாமல் விட்டான், அது "க". கடைசி ஐந்து மார்க் கேள்வியைத் தொடவே இல்லை, அது "நே". கூட்டிப் பார்த்தால் உண்மையிலேயே தெரியாதது 10 மார்க்குக்குத்தான் இருக்கலாம். "எனக்குக் கணக்கு வராது" என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். "க"வுக்கு மருந்து, கடைசிப் பத்து நிமிடம் அலகையும் கூட்டல், கழித்தல் குறியையும் சரிபார்ப்பது. "நே"வுக்கு வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுவது. "தெ"வுக்கு மட்டும்தான் புதிதாகப் படிக்க வேண்டும். குறி போடும்போது திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த தாள் பையை விட்டு வெளியே வராது.

இதிலிருந்து இரண்டே வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, மாலை 6.30-க்கு ஆறு கணக்கு, பிறகு பத்து ஆங்கிலச் சொற்களைப் பார்க்காமல் எழுதுவது. மொத்தம் 40 நிமிடம். முடித்ததும் காலண்டரில் அவனே டிக் அடிக்கட்டும். வாரத்தில் ஐந்து டிக் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை அவன் விருப்பம்: காலை டிபன் என்ன என்பதை அவன் முடிவு செய்யலாம், அப்பாவோடு ஒரு மணி நேரம் கிரிக்கெட் ஆடலாம், இரவு அரைமணி கூடுதலாக விழித்திருக்கலாம். 12 வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பதால் அந்த அரைமணி வாரத்துக்கு ஒருமுறை மட்டும். சாக்லேட், ஐஸ்கிரீமைப் பரிசாக்க வேண்டாம்.

வழக்கமாகக் கெடுவது இங்கேதான்: தங்கையோடு சண்டை போட்டான் என்று சேர்த்த டிக்கை அழிப்பது. அது அவன் சம்பாதித்தது, தொடக் கூடாது. நான்கு டிக்தான் வந்ததா? திட்டு வேண்டாம், அடுத்த வாரம் புதிதாகத் தொடங்கட்டும். நன்றாகப் போகிறது என்று உடனே ஆறு கணக்கைப் பத்தாக்கவும் வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் உட்காரும் பழக்கம் வந்துவிட்டால் பரிசை இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று எனக் குறைத்து நிறுத்திவிடலாம். பாராட்டை நிறுத்தாதீர்கள். "நீ புத்திசாலி" என்பதைவிட "போன வாரம் மூன்று தடவை தப்பான பின்னக் கணக்கை விடாமல் போட்டு முடிச்சிட்டியே" என்று நடந்ததைச் சொல்லுங்கள். புத்திசாலி என்ற பட்டம் அடுத்த தோல்வியில் பாரமாகிவிடும்.

போனுக்கு வருகிறேன். அழுகிறான் என்று இப்போது வாங்கிக் கொடுக்க வேண்டாம். "நீ தோத்துட்ட" என்றும் சொல்ல வேண்டாம். அப்பாவே உட்கார்ந்து பேசட்டும்: "மார்க்கோட போனைச் சேர்த்துப் பேசினது என் தப்புடா. போன் எப்போ வேணும்னு உன் வயசையும் தேவையையும் பார்த்து முடிவு பண்ணுவோம். 63 மார்க் கூட எடுத்திருக்க, எனக்கு ரொம்ப சந்தோஷம்." அன்று மாலையே அவனுக்குப் பிடித்த இடத்துக்கு அழைத்துப் போகட்டும். முன்னால் பேரம் பேசாமல் பின்னால் வருகிற இந்த மகிழ்ச்சி படிப்பைக் கெடுக்காது. நான்கு வாரத்துக்குப் பிறகும் வயிற்றுவலியும் பள்ளி மறுப்பும் தொடர்ந்தாலோ, "நான் இருந்து என்ன" என்பது போலப் பேசினாலோ குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்படிப் பேசினால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மகள் விஷயத்தில் கவனம் தேவை. தானாகப் படிக்கிற பிள்ளைக்கு விலை பேசிவிடக் கூடாது. 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாகப் படம் வரைந்த பிள்ளைகளில் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வரையும் ஆர்வம் குறைந்திருந்தது. எனவே அவளுக்கு டிக் அட்டவணை வேண்டாம். "அண்ணனுக்குக் கணக்கு கஷ்டமா இருக்கு, அதுக்காக இந்த ஏற்பாடு. உனக்கு எதுலயாவது கஷ்டம்னா உனக்கும் செய்வோம்" என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு பத்து நிமிடம், அன்று படித்ததில் அவளுக்குப் பிடித்ததை அவளே உங்களுக்குச் சொல்லித்தரட்டும்.