கிளட்ச் பிடித்தும் வண்டி இழுக்குதா?

கேள்வி: அண்ணாச்சி, ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பழைய என்டூரோ வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். காலையில் எடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. தேரிச் செம்மணலுக்குள் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டால், லீவரை முழுசாகப் பிடித்தாலும் வண்டி முன்னால் இழுக்கிறது. நின்றபடி நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது. மெக்கானிக் பிளேட் செட்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடட்டுமா?
— வாசகர், திசையன்விளை

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. அந்த செட்டின் விலைக்குக் கொஞ்ச நாள் பெட்ரோல் போடலாம். கோளாறு பிளேட்டிலா, கேபிளுக்குப் பதிலாக லீவரின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகிற ஆயில் லைனிலா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம்.

அடுத்த முறை வண்டி சூடாகி இழுக்கும்போது, லீவரைப் பம்ப் அடிக்கிற மாதிரி வேகமாக நாலைந்து தடவை அடித்து, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். உடனே நியூட்ரல் விழுந்தால் ஆயில் லைனில் காற்று இருக்கிறது. ஆயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்க முடியும். நீங்கள் பிடிக்கிற பிடியில் பாதி அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். சூட்டில் குமிழ் இன்னும் விரியும். காலையில் சரியாக இருந்த வண்டி தேரி மணலில் மக்கர் செய்வது அதனால்தான். அடித்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் மட்டும் பிளேட் பக்கம் போகலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். லீவரைக் கைக்குப் பக்கத்தில் வர வைக்கும் ஸ்குருவை யாராவது உள்ளே திருகியிருப்பார்கள். கை சின்னதாக இருப்பவர்கள் செய்கிற வேலை. அப்படியிருந்தால் கிளட்ச் முழுசாக விடுபடும் முன்பே லீவர் கிரிப்பில் முட்டி நின்றுவிடும். அதே மாதிரி லீவரின் ஃப்ரீ பிளே, அதாவது பிடிக்க ஆரம்பிக்கும்போது வெறுமனே ஆடுகிற இடைவெளி, அதிகமாக இருந்தாலும் இழுக்கும். அதற்காக ஃப்ரீ பிளேயே இல்லாமல் வைத்துவிடாதீர்கள். லீவர் முழுசாகத் திரும்பினால்தான் லீவரோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சின்னத் துளை திறந்து, சூட்டில் விரிந்த ஆயில் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பும். அந்தத் துளை அடைபட்டால் கிளட்ச் பிடிக்காமல் ஸ்லிப் ஆக ஆரம்பித்துவிடும்.

சரி, காற்றுதான் என்று வைத்துக்கொள்வோம். எதையும் ஊற்றுவதற்கு முன் ஆயில் டப்பாவின் மூடியைப் படியுங்கள். பிரெம்போ கம்பெனி மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் டாட் 4 பிரேக் ஆயில். மகுரா கம்பெனி மாஸ்டர் உள்ள பல வண்டிகளில் மினரல் ஆயில். இரண்டுக்கும் உள்ளே இருக்கிற ரப்பர் வேறு. மாற்றி ஊற்றினால் சீல் ஊதிப்போய் பிஸ்டன் இறுகும். பழைய வண்டி வேறு வாங்கியிருக்கிறீர்கள், முந்தைய ஆள் என்ன ஊற்றினாரோ. மூடியில் போட்டிருப்பதும் உள்ளே இருப்பதும் வேறாகத் தோன்றினால், சீல் கிட்டையும் மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். டாட் 4 ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 230 டிகிரிவரையாவது கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியதற்கு அந்த எல்லை 155 டிகிரி. உவரிக் கடற்காற்று அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு பல வருஷத்து ஆயிலோடு ஓட்ட வேண்டாம்.

பிரேக்கில் ஏர் எடுக்கிற மாதிரி மேலிருந்து கீழே தள்ளினால் இதில் பாதி நாள் வீணாகும். குமிழ் மேலே ஏறத்தான் பார்க்கும், நாமும் அது போகிற வழியிலேயே தள்ள வேண்டும். மெடிக்கலில் பெரிய சிரிஞ்சும், பொருந்துகிற டியூபும் வாங்குங்கள். சைடு ஸ்டாண்டில் போட்டால் வண்டி இடப்பக்கம் சாய்ந்து மாஸ்டர் சிலிண்டர் தாழ்ந்துவிடும், ஆகவே நேராக நிறுத்துங்கள். டப்பாவிலிருந்து பழைய ஆயிலை உறிஞ்சி எடுங்கள். புது ஆயிலை சிரிஞ்சில் ஏற்றி, டியூபின் நுனிவரை ஆயில் வந்து நிற்கிறதா என்று பார்த்து, இன்ஜின் பக்கம் கிளட்ச்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் (ஏர் எடுக்கும் திருகில்) மாட்டி, நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து மெதுவாக அமுக்குங்கள். மேலே டப்பாவில் முதலில் கறுப்பாக ஆயில் வரும், அப்புறம் குமிழ் குமிழாக வரும். டப்பா நிரம்பினால் நிப்பிளை மூடிவிட்டு உறிஞ்சி எடுத்துத் தொடருங்கள். குமிழ் நின்றதும் நிப்பிளை இறுக்கிய பிறகே டியூபைக் கழற்ற வேண்டும். பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், காத்திருந்தால் பெயின்ட் உரியும்.

ஏர் எடுத்தும் சில நாளில் திரும்ப வந்தால் ஸ்லேவ் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். முன் ஸ்ப்ராக்கெட் பக்கத்தில் செயின் கிரீஸும் தேரி மணலும் சேர்ந்து கெட்டியாக அப்பியிருக்குமே, அந்த இடம். துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மறுபடி ஈரம் கண்டால் சீல் போய்விட்டது. ஒரு வேடிக்கை என்னவென்றால், பிரேக்குக்கு நேர்மாறாக, பல ஹைட்ராலிக் கிளட்ச்களில் பிளேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் ஏறும். மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பிளேட்தான் என்று ஆகிவிட்டால் கவரைத் திறந்து, ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். மணலில் பாதிக் கிளட்ச்சில் ஓட்டியவற்றில் நீலம் பாய்ந்து வளைந்திருக்கும். பிளேட்டுகள் உட்கார்ந்திருக்கிற கூடையான பாஸ்கெட்டின் விரல்களில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் தட்டினால் பிளேட் அதில் சிக்கிப் பிரிய மறுக்கும். லேசான பள்ளத்தை அரத்தால் சமன் செய்யலாம், ஆழமானால் பாஸ்கெட்டை மாற்றுவதுதான் வழி. இதைப் பார்க்காமல் புது பிளேட் போடுவது காசைத் தண்ணீரில் போடுவது.

கேள்வி: என் வண்டி காலையில் முதல் கியர் போட்டதும் துள்ளி நின்றுவிடுகிறது. சூடானதும் சரியாகிவிடும். இதுவும் அதே கோளாறா?
— வாசகர், களக்காடு

பதில்: இல்லை. ராத்திரி முழுக்க நின்றதில் பிளேட்டுகள் ஆயிலில் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்டார்ட் செய்யும் முன் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ரெண்டு தள்ளு தள்ளுங்கள். இன்ஜின் ஆயில் வண்டிப் புத்தகத்தில் சொன்னதைவிடக் கெட்டியாக ஊற்றியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கேள்வி: கேபிள் கிளட்ச்சை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் போடலாமா அண்ணாச்சி?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் மாடலுக்கென்றே கிட் கிடைத்தால் போடலாம், தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். எனக்குக் கேபிளே போதும். உதிரிக் கேபிள் ஒன்றை டூல் பையில் வைத்திருந்தால், அறுந்த இடத்திலேயே உட்கார்ந்து மாட்டிவிட்டு வீடு வந்துவிடலாம்.